பெயினிங்

வண்ணார்பேட்டையில் பேட்டரிக் கடைக்கு மேலே
எங்கள் வகுப்பு.
படியேறும்போதே ஆசிட் வாசம்.
ஆரம்பக்காரர்களுக்கு மஞ்சள் அட்டைப் புத்தகம்,
கொஞ்சம் தேறியவர்களுக்குப் பச்சை,
எனக்குச் சிவப்பு.
அட்டை நிறம் பார்த்துத்தான் நாற்காலி.

மஞ்சளில் மாசானமுத்து.
கயத்தாற்றுக் காற்றாலையில்
எண்பது மீட்டர் உயரத்தில் வேலை.
பிட்ச், கியர்பாக்ஸ், அனிமோமீட்டர்
தூக்கத்திலும் சொல்வார்.
சேர்க்கைத் தேர்வில் அதொன்றும் கேட்கவில்லை,
பாரோவும் லெண்டும் கேட்டார்கள்.
இரவல் வாங்கினதையும் கொடுத்ததையும்
ஒரே சொல்லில் சொல்லிவிட்டு
மஞ்சளில் வந்து உட்கார்ந்துவிட்டார்.
கொடுத்ததைத் திரும்பக் கேட்காத மனுஷனுக்கு
இரண்டு சொல் எதற்கு?
கியர்பாக்ஸ் சத்தம் போட்டால்
ரிப்போர்ட்டில் என்ன எழுதுவீங்க என்று கேட்டேன்.
'மெஷின் கிரையிங்'னு எழுதுவேன்,
மறுநாளே ஆள் வந்துரும், என்றார்.

பச்சையில் மேலப்பாளையம் செய்யது மீராள்.
இருபத்தைந்து பீடிக்கு ஒரு கட்டு,
கட்டுக்கு ஒரு வார்த்தை.
முப்பது கட்டு முடிகையில்
முப்பதும் மனப்பாடம்.
எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தால்
பாதி வார்த்தையும் கம்பெனிக்கே போயிருதும்மா
என்பார்.

நான் ஹைகிரவுண்டில் நைட் டூட்டி நர்ஸ்.
வெளிநாட்டுத் தேர்வுக்கென்று
வலிக்கு மட்டும் நாற்பத்தொரு வார்த்தை வைத்திருக்கிறேன்.
விண்விண்ணென்று தெறித்தால் த்ராபிங்.
சுருக்கென்றால் ஸ்டாபிங்.
உளைச்சல், டல் ஏக்.
குடைச்சலுக்கு நாயிங்,
முதல் எழுத்தை எழுதிவிட்டு விழுங்கிவிட வேண்டும்.
'ஒரு மாதிரியா வருது' என்பதற்கு மட்டும்
பொன்னையா சார் மூன்று நாளாய்ப்
பதில் தேடுகிறார்.

மூன்று வரிசையும் செய்கிற தப்பு ஒன்று உண்டு.
மை ஹெட் இஸ் பெயினிங்.
பெயினிங் கிடையாது, கிடையவே கிடையாது,
டஸ்டரால் மேசையில் அடிப்பார் சார்.
வலி ஒரு பெயர்ச்சொல், அதை வினையாக்காதீங்க!
நோட்டில் அந்தச் சொல்லின் மேல்
பெரிதாய்ப் பெருக்கல் குறி போட்டேன்.

செவ்வாய் ராத்திரி
கங்கைகொண்டான் ஃபாக்டரியிலிருந்து ஒரு பையன்.
கேஸ் ஷீட்டில்
பெஹெரா, இருபத்திரண்டு வயது, ஒடிசா.
முழங்கை புடைத்திருந்தது.
கூட வந்த சூப்பர்வைசர்
டீ குடிக்கப் போனவர்தான்.

த்ராபிங்கா என்றேன். விழித்தான்.
ஸ்டாபிங்? பர்னிங்?
சிவப்பிலிருந்து பச்சைக்கு,
பச்சையிலிருந்து மஞ்சளுக்கு
ஒவ்வொரு படியாய் இறங்கினேன்.
கடைசிப் படியில் நின்று
பெயின்? என்றேன்.
'வலிக்கி' என்றான்.

வலிக்கிறது இல்லை, வலிக்குது இல்லை.
வலிக்கி.
ஆறு மாசத்தில்
அச்சு அசலாய் எங்கள் ஊர் 'கி'.

உங்க ஊரில் என்ன சொல்வீங்க என்று
முழங்கையைக் காட்டி
கையாலேயே கேட்டேன்.
'பிந்துச்சி.'
இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். சொன்னான்,
பல்லைக் கடித்துக்கொண்டு.
அதிலும் வலி ஒரு பொருளாய் உட்கார்ந்திருக்கவில்லை,
நடந்துகொண்டேதான் இருந்தது
கொதிப்பதைப் போல, ஓடுவதைப் போல.

டூட்டி டாக்டர் தூக்கக் கண்ணோடு வந்து
என்ன சிஸ்டர் என்றார்.
நாற்பத்தொன்றும் நாக்கு நுனியில்
வரிசை கட்டி நின்றன.
எல்போ பெயினிங் சார், என்றேன்.
எக்ஸ்ரே எழுதினார்.

வியாழக்கிழமை மாதிரித் தேர்வு.
அதில் த்ராபிங் என்றுதான் எழுதினேன்,
மார்க் வேண்டுமே.
நோட்டின் கடைசிப் பக்கத்தில் மட்டும்
நாற்பத்திரண்டு என்று நம்பர் போட்டு
பிந்துச்சி.

பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்த செய்யது மீராள்
தன் பச்சைப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிவிட்டுக் கேட்டார்,
இது எந்த அட்டைல வருது?